வீட்டில் இருந்து படிப்பதும் படிப்புதான்

செயற்கை நுண்ணறிவில் ஆன்லைன் முதுகலை படிக்கிறேன் என்று மதுரையில் யாரிடம் சொன்னாலும் உடனே வரும் கேள்வி, "அப்ப வீட்லதான இருக்க?" அதைத் தொடர்ந்து வேலைகளும் வரும். கேஸ் சிலிண்டர் வாங்கி வைக்க, சித்தி மகள் வளைகாப்புக்கு முன்னாடியே போய் நிற்க, பிள்ளைகளை டியூஷனில் விட, எல்லாவற்றுக்கும் ஆன்லைனில் படிப்பவர்தான் தோதான ஆள். மருமகளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

நான் படிப்பது ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் படிப்பு. முதல் அணி 2024-இல் சேர்ந்தது. மொத்தம் 10 பாடங்கள், கட்டணம் சுமார் 10,000 டாலர். நேரில் போய்ப் படித்தால் வாடகை, சாப்பாடு என்று செலவு எங்கேயோ போய்விடும். மதுரை இளந்தைகுளத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடிகிறது என்பது எங்கள் வீட்டுக்குப் பெரிய விஷயம்.

ஆனால் கட்டணம் குறைவு என்பதால் பாடம் லேசு என்று நினைத்துவிடாதீர்கள். தரவுகளில் இருந்து கணினியே கற்றுக்கொள்ள வைக்கும் மெஷின் லேர்னிங் பாடத்துக்கு மட்டும் நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, நுண்கணிதம் மூன்றும் கைவசம் வேண்டும். மூளை நரம்பு வலையை மாதிரியாகக் கொண்ட நியூரல் நெட்வொர்க்கில், விடையில் வந்த பிழை பின்னோக்கிப் போய் ஒவ்வொரு எடையையும் (இணைப்பின் வலுவைக் குறிக்கும் எண்ணை) எப்படித் திருத்துகிறது என்பது, நுண்கணிதத்தின் சங்கிலி விதியைத் தாளில் போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். நடுவில் எழுந்து போனால் மறுபடி முதல் வரியில் இருந்துதான். கூகுளின் கணினியில் இணையம் வழியாக நிரலை ஓட்டும் இலவச கொலாபில் மாடலை ஓடவிட்டுக் கவனிக்காமல் போனால் இணைப்பு அறுந்து, சேமிக்காததெல்லாம் போய்விடும். பாடவேலையை ஒப்படைக்க அமெரிக்க மத்திய நேரப்படி நள்ளிரவு கெடு என்றால் நமக்குக் காலை 10.30, அங்கே குளிர்காலம் என்றால் 11.30. மண்டபத்தில் பந்தி நடக்கிற நேரம்.

வீட்டில் இருந்து படிப்பது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. காமராசர் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வி 1970-களிலேயே இருந்தது. எத்தனை ஆசிரியர்கள், எத்தனை குமாஸ்தாக்கள் அதில் பட்டம் வாங்கினார்கள்! கான்டாக்ட் கிளாஸ் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் வீட்டில் யாரும் மறிக்கவில்லை. ஆன்லைனில் கிளம்பிப் போக இடம் இல்லை, அதனால்தான் அது படிப்பாகவே தெரிவதில்லை.

பட்டத்துக்கு மதிப்பு உண்டா என்றும் கேட்கிறார்கள். நம் நாட்டில் அங்கீகாரத்தோடு நடத்தப்படும் ஆன்லைன் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-இல் அறிவித்தது. வெளிநாட்டுப் பட்டத்துக்கு விதிகள் தனி. அரசு வேலையோ பேராசிரியர் பணியோ நோக்கம் என்றால் பணம் கட்டும் முன் விசாரித்துவிடுங்கள். கணக்குப் பாடம் வருமா என்று சந்தேகம் இருப்பவர்கள் முதலில் ஐஐடிகள் நடத்தும் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் இலவசமாக ஒரு பாடம் முடித்துப் பாருங்கள்.

வீட்டாரிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தினமும் குறிப்பிட்ட நேரம் படிக்கிற அறைக் கதவைத் தட்டாதீர்கள். விசேஷத்துக்கு மொய் மட்டும் போனால் போதும், ஆள் வரவில்லையே என்று குறை சொல்லாதீர்கள். பரீட்சைக்கு முந்தைய வாரம் அடுப்படியை வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாக ஆண்கள்.

அப்புறம், வீட்டில் இடமே இல்லாதவர்களுக்கு 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் நத்தம் சாலையில் இருக்கிறது. மதுரைப் பக்கம் இதே மாதிரி படிப்பில் சேர்ந்திருப்பவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம், வீட்டில் "கிளாஸுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டே கிளம்பலாம்.