மாமாவை ஆட விட்டு நான் பார்த்த விளையாட்டு

யூஎக்ஸ், அதாவது ஆப்பும் இணையப் பக்கமும் ஆளுக்குச் சுலபமாக இருக்கும்படி வடிவமைக்கும் வேலை, அதைப் படிக்க எந்த கோர்ஸில் சேரலாம் என்று இன்பாக்ஸில் கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான். 'யூசர் இன்யர்ஃபேஸ்' என்ற பிரவுசர் விளையாட்டைத் திறந்து, வீட்டில் யாரையாவது ஆடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த பகார் என்ற டிசைன் நிறுவனம் இதை 2019இல் வெளியிட்டது. ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் ஆளைத் திணறடிக்கவென்றே ரூம் போட்டு யோசித்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் பெரிய பச்சைப் பட்டன். அதில் 'நோ' என்று இருக்கும். லிங்க் மாதிரி தெரியும் சொல் லிங்க் இல்லை. உண்மையான லிங்க் சாதுவாக நிற்கும். பாஸ்வேர்டில் ஒரு ரஷ்ய எழுத்து வேண்டுமாம்!

என் மாமா வங்கியில் முப்பது வருஷம் கேஷியராக இருந்தவர். அந்தப் பச்சைப் பட்டனை நான்கு முறை அமுக்கினார். மெயில் முகவரிக் கட்டத்தில் உதாரணத்துக்குப் போட்டிருந்த எழுத்து, கிளிக் செய்தாலும் மறையவில்லை. அதன் வாலிலேயே தன் முகவரியை ஒட்டிவிட்டார். 'நேரம் ஓடுகிறது' என்று ஒரு பெட்டி வந்து திரையை மறைத்தது. அதை மூடும் வழி கீழே, காப்புரிமை வரி மாதிரி பொடி எழுத்தில் ஒளிந்திருந்தது. மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண்ணாடி நம்பர் மாத்தணும் போலடா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பக்கம் சரியில்லை என்று ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை.

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லி, குறுக்கே பேசாமல் கவனிப்பது யூசபிலிட்டி டெஸ்டிங்கில், அதாவது ஒரு திரை பயன்படுத்தச் சுலபமா என்று ஆளை வைத்துச் சோதிப்பதில், பழைய முறை. ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று இந்தத் துறை நிபுணர் யாக்கோப் நீல்சன் 2000இலேயே எழுதினார். நல்ல திரை எப்படி இருக்க வேண்டும் என்று அவர் 1994இல் போட்ட பட்டியலின் பத்து விதிகளை இன்டர்வியூவுக்காக மனப்பாடம் செய்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரிதாக, பக்கத்தில் இருப்பதைக் கை சீக்கிரம் எட்டும் என்ற ஃபிட்ஸ் விதி 1954லிருந்து இருக்கிறது. அதை ஸ்லைடில் படித்தபோது சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டேன். மாமாவின் விரல் திரும்பத் திரும்ப அந்தப் பச்சைக்கே போனபோதுதான் புரிந்தது.

ஒரு குறையும் உண்டு. இதில் எல்லாமே வேண்டுமென்றே செய்த தப்பு. யாருக்கு எதற்காக அந்தப் படிவம் தேவை என்ற கேள்வியே வராது. நிஜத்தில் நாம் யோசித்து, கூடிப் பேசி, நல்லது என்று நம்பித்தான் தப்பைச் செய்கிறோம். அதனால் விளையாட்டு முடிந்த கையோடு உங்கள் சொந்தத் திரையையும் அதே ஆளிடம் கொடுங்கள்.

நானும் கொடுத்தேன். நான் டிசைன் செய்த பதிவுப் படிவம், மூன்றே கட்டம். போன் நம்பர் கட்டத்தில் மாமா நின்றுவிட்டார். நான் அழகுக்காக வெளிர் சாம்பலில் போட்டிருந்த மாதிரி எண்ணை, யாரோ ஏற்கெனவே நிரப்பிவிட்டார்கள் என்று நினைத்து, ஒவ்வொரு இலக்கமாக அழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையும் அந்த பெல்ஜியம்காரன்தான் செஞ்சானா?" என்று கேட்டார். ஆமாம் மாமா என்று சொல்லிவிட்டேன்.