திடீர் சாவு மாதிரி தான் தெரியும்
நேத்து நைட்டு வரைக்கும் நல்லா ஓடிட்டு இருந்த கினி பிக் (வீட்ல வளர்க்குற, எலி மாதிரி கொறிக்கிற சின்ன பிராணி) காலைல செத்துக் கெடந்துச்சுன்னு ஒரு கட்டுரைல ஒருத்தர் சொல்லியிருக்காரு, பாவம். ஆனா பெரும்பாலும் அதுக்கு முன்னாடியே உடம்பு முடியாம தான் இருந்திருக்கும், மத்த மிருகத்துக்கு இரையாகுற ஜாதிங்கறதால நோவ வெளிய காட்டாது. எங்க வீட்ல ரெண்டு வளர்த்தோம், வாரா வாரம் கிச்சன் தராசுல எடை போட்டுருவோம், ஏன்னா தட்டு முன்னாடி உக்காந்து கொறிக்கிற மாதிரியே பாவ்லா காட்டும், எடை தான் உண்மைய சொல்லும். புழுக்கை சின்னதா காஞ்சு போறது, முடி சிலுத்துக்கிட்டு மூலைல குந்திக்கிறது, இதெல்லாம் பாத்தா சும்மா இருக்காதீங்க. வீட்ல கெடக்குற அமாக்சிசிலின் ஆன்டிபயாட்டிக் மருந்த வாயில ஊத்திடாதீங்க, குடல்ல இருக்குற நல்ல கிருமி செத்து அதுவே உயிர எடுத்துரும். வைட்டமின் சி அதுக்கு உடம்புல ஊறாது, குடைமிளகா, கொய்யா குடுங்க, வெயில் காலத்துல மொட்டமாடி பக்கமே வேணாம்.

ஒன்னு செத்தப்ப சொந்தக்காரங்க எலிக்கா அழறன்னு சிரிச்சாங்க, விடுங்க. உடம்ப கொஞ்ச நேரம் இன்னொன்னு பக்கத்துல வெச்சோம், மோந்து பாத்துட்டு அதுவா தள்ளிப் போச்சு. அப்புறம் அது சாப்பிடுதான்னு தான் பாக்கணும், அரை நாள் வாய் வெக்கலனாலே குடல் மந்தமாக ஆரம்பிச்சிடும், முயல் கினி பிக் பாத்து பழகின டாக்டர் நம்பர இப்பவே வாங்கி வெச்சுக்கோங்க.