குரலுக்குக் கீழே பாடியவர் பெயர் எங்கே?

மலேசியா வாசுதேவன் மறைந்தது 2011ல். 2024ல் 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ' பாட்டில் அவர் குரல் கேட்டது. அதே ஆண்டு 'லால் சலாம்' படத்துக்காக சாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரலையும் ஏ.ஆர். ரகுமான் ஏஐ வழியாகக் கொண்டுவந்தார். 'கோட்' படத்தில் பவதாரிணியின் குரல் வந்தது. ஒரே ஆண்டில், மறைந்த நான்கு பேரின் குரல்கள் தமிழ்ப் படப் பாடல்களில்.

அப்போது நம் ஆட்கள் போட்ட சண்டையெல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: மறைந்தவர் குரலை எடுக்கலாமா, கூடாதா? குடும்பங்களிடம் அனுமதி வாங்கி, உரிய தொகையும் கொடுத்ததாக ரகுமான் சொன்னார். இன்னொரு பக்கம், ஒரு தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி. குரலைக் கேட்காமலே உருவாக்கிவிட்டார்கள் என்று அவர் மகன் சரண் சட்டப்படி நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. இதில் எது முறை, எது முறையில்லை என்பதில் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை. நான் பேச வந்தது அந்தக் குரலுக்குக் கீழே இருப்பவரைப் பற்றி.

ஒலிப்பதிவு வேலையில் இருப்பவன் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல முடியும். மறைந்தவர் குரல் தானாக எழுந்து பாடாது. இப்போது பரவலாக இருக்கும் முறையில், முதலில் உயிரோடிருக்கும் ஒரு பாடகர் மைக் முன்னால் நின்று முழுப் பாட்டையும் பாடவேண்டும். எங்கே மூச்சு எடுப்பது, எந்தச் சொல்லை அழுத்துவது, சங்கதி எப்படி விழுவது, எல்லாம் அவருடைய உழைப்பு. மென்பொருள் அதன் மேல் குரலின் நிறத்தை மட்டும் மாற்றுகிறது. மூலக் கலைஞரின் பாணி நன்றாகத் தெரிந்தவர் பாடினால்தான் அது பொருந்தும். இல்லையென்றால் முகமூடி போட்ட மாதிரி தனியாகத் தெரியும். 'மனசிலாயோ'வில் வாசுதேவனின் மகன் யுகேந்திரன் பெயரும் சேர்ந்தே வந்தது, நல்ல விஷயம். ஆனால் இது வழக்கமாகிப்போன பிறகு, விளம்பரத்திலும் பக்திப் பாட்டிலும் அடியில் பாடும் அந்த ஆளின் பெயரை யார் போடப் போகிறார்கள்?

இந்தத் துறையில் டிராக் பாடுகிறவர்கள் என்று ஒரு கூட்டமே உண்டு. பெரிய பாடகர் வருவதற்கு முன்னால் மெட்டைப் பாடி வைப்பவர்கள், கோரஸ் பாடுபவர்கள், ஹம்மிங் கொடுப்பவர்கள். சாலிகிராமத்திலும் வடபழனியிலும் இருக்கும் சின்னச் சின்ன ஸ்டுடியோக்கள் ஓடுவதே இவர்களால்தான். படப் பாட்டு எப்போதோதான் வரும். மாத வாடகையைக் கட்ட உதவுவது அம்மன் பாட்டு ஆல்பம், ஜவுளிக்கடை விளம்பரம், தேர்தல் பிரச்சாரப் பாட்டு, குறும்படப் பின்னணி இசை. அங்கே பாடிப் பாடித்தான் மைக் முன்னால் எப்படி நிற்பது என்றே ஒருவர் கற்றுக்கொள்கிறார். என்றைக்காவது ஒருநாள் இசையமைப்பாளர் "இந்த டிராக்கே நல்லா இருக்கே, அப்படியே வச்சுக்கலாம்" என்று சொல்வார். இங்கே பல பாடகர்களுக்கு வாசல் திறந்தது அப்படித்தான்.

இன்றைக்கு முதலில் காலியாவது இந்த இடம். சூனோ, யூடியோ போன்ற ஏஐ இசைத் தளங்களில் நான்கு வரி எழுதிக் கொடுத்தால் கோரஸ், தாளம், நாதஸ்வரம் எல்லாம் சேர்த்து ஒரு பாட்டு வந்துவிடுகிறது. விளம்பரக்காரருக்கு அது போதும். தமிழ் உச்சரிப்பு அங்கங்கே தடுமாறினாலும் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நட்சத்திரப் பாடகருக்கு இதனால் உடனே ஒன்றும் ஆகாது. ஆனால் பத்து வருடம் கழித்து அவர் இடத்துக்கு வரவேண்டியவர் எங்கே பழகுவார்?

"எண்பதுகளில் சிந்தசைசர் வந்தபோதும் இப்படித்தான் புலம்பினீர்கள்" என்று ஒரு பதில் வரும். அப்போது வயலின் வரிசைகள் சுருங்கின, உண்மை. அந்த வலியை மூத்த கலைஞர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கீபோர்டில் இருக்கும் வயலின் ஒலிக்காக ஒருவரை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டார்கள், இதற்குத்தான் என்று சொன்னார்கள், காசு கொடுத்து வாசிக்க வைத்தார்கள். வாத்திய ஒலிகளைப் பதிவு செய்து தொகுப்பாக விற்கும் சாம்பிள் லைப்ரரி நிறுவனங்கள் இன்றும் இப்படித்தான் செய்கின்றன. ஏஐ மாடலுக்குக் கற்றுக்கொடுத்தது வேறு எதற்காகவோ வாசித்த இசை. வாசித்தவருக்கு அது தெரியவே தெரியாது.

இதை ஏஐ நிறுவனங்களும் பெரிதாக மறைக்கவில்லை. 2024 ஜூனில் யுனிவர்சல், சோனி, வார்னர் என்ற மூன்று பெரிய லேபிள்களும் (பாட்டை வெளியிடும் நிறுவனங்கள்) சேர்ந்து சூனோ மீதும் யூடியோ மீதும் அமெரிக்காவில் வழக்குப் போட்டன. ஒரு பாடலுக்கு 1,50,000 டாலர் வரை இழப்பீடு கேட்டன. இணையத்தில் திறந்து கிடக்கும், ஓரளவு தரமான இசைக் கோப்புகள் கிட்டத்தட்ட எல்லாமே தங்கள் பயிற்சித் தரவில் உண்டு என்று சூனோ நீதிமன்றத்திலேயே சொன்னது. அது நியாயமான பயன்பாடுதான், அதாவது அனுமதி வாங்காமலே சட்டம் ஏற்கும் பயன்பாடு என்பது அவர்கள் வாதம்.

அப்புறம் என்ன நடந்தது? 2025 அக்டோபரில் யுனிவர்சல் யூடியோவோடு சமரசம் செய்துகொண்டது. நவம்பரில் வார்னர் இரண்டு நிறுவனங்களோடும் கைகுலுக்கியது. அதே மாதம் சூனோ 25 கோடி டாலர் முதலீடு திரட்டியது, நிறுவனத்தின் மதிப்பு 245 கோடி டாலர் என்றார்கள். கலைஞர்கள் தங்கள் பெயரையும் குரலையும் கொடுப்பதா வேண்டாமா என்று தாங்களே முடிவு செய்யலாம் என்று வார்னர் அறிவித்தது. சரி, பெயர் உள்ள கலைஞருக்கு அது பொருந்தும். அந்தப் பாட்டில் பேஸ் கிட்டார் வாசித்தவர்? பின்னால் "ஆ" கொடுத்த ஆறு பெண்கள்? பதிவின் உரிமை லேபிளிடம் இருக்கிறது, ஒப்பந்தம் போடுவதும் லேபிள்தான். வாசித்தவர் கால்ஷீட்டுக்கு வாங்கிய பணத்தோடு கணக்கு முடிந்தது என்பதுதான் உலகம் முழுக்க லேபிள்களின் நினைப்பு.

இந்தியாவில் இது இன்னும் மோசம் என்பதற்கு ஒரு சட்டக் காரணம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ல் திருத்தம் வந்தபோது, நிகழ்த்துக் கலைஞர்களுக்கும் ராயல்டி உரிமை உண்டு என்பது தெளிவானது. பாடகர்கள் போராடி வாங்கிய உரிமை அது. ஆனால் நிகழ்த்துக் கலைஞர் என்றால் யார் என்று சொல்லும் பிரிவு 2(கியூகியூ)வில் ஒரு விலக்கையும் அதே திருத்தம் சேர்த்தது. ஒரு திரைப்படத்தில் ஒருவரின் பங்களிப்பு தற்செயலானதாக இருந்து, துறை வழக்கப்படி டைட்டில் உட்பட எங்கேயும் அவர் பெயர் போடப்படவில்லை என்றால், அவர் நிகழ்த்துக் கலைஞராகக் கருதப்பட மாட்டார். தன் பங்களிப்பைச் சிதைத்துத் தன் பெயரைக் கெடுத்தால் எதிர்க்கும் உரிமை மட்டும் மிச்சம். கூட்டத்தில் கடந்து போகும் துணை நடிகரை மனதில் வைத்து எழுதியிருக்கலாம். ஆனால் முப்பது வயலின்களில் ஒருவரையும் கோரஸில் நிற்கும் பெண்ணையும் அதே வலையில் போட்டு வாதாட அதில் இடம் இருக்கிறது.

டைட்டிலில் பெயர் வருவதை நாம் மரியாதை சம்பந்தப்பட்ட விஷயமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். உரிமை கேட்பதற்கான முதல் சான்றே அதுதான். தொண்ணூறுகளில் கேசட் அட்டையில் வாத்தியக் கலைஞர்கள் பெயரை ரகுமான் அச்சடித்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட தலைமுறை நாங்கள். புல்லாங்குழல் யார், பேஸ் கிட்டார் யார் என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் படிப்போம். இன்று ஸ்ட்ரீமிங் செயலியில் அதே பாட்டைத் திறந்தால் பெரும்பாலும் இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் மூன்று பெயரோடு நின்றுவிடுகிறது.

இது ஏன் இப்போது அவசரம் என்றால், 2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறை அமைத்த குழு ஒரு அறிக்கை வெளியிட்டது. ஏஐ நிறுவனங்கள் சட்டப்படி கிடைக்கும் படைப்புகளை எல்லாம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், படைத்தவர் மறுக்க முடியாது, அதற்குப் பதிலாக ஒரு மைய அமைப்பு ராயல்டி வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் என்பது அதன் பரிந்துரை. மறுக்கும் உரிமையைப் பறிப்பது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் குரலை ஒரு இயந்திரத்துக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல ஒரு பாடகருக்கு இடம் இருக்கவேண்டும். அதை விட்டுவிட்டு வெறும் பணக் கணக்காகப் பார்த்தாலும், பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு எந்த அமைப்பு எப்படிப் பணம் அனுப்பும்?

பணமும் ஏற்கெனவே கரைந்துகொண்டிருக்கிறது. பிரான்சின் டீசர் (Deezer) என்ற ஸ்ட்ரீமிங் தளம் சொன்ன கணக்கு இது: 2025 ஜனவரியில் முழுக்க ஏஐ செய்த பாடல்கள் ஒரு நாளைக்கு 10,000 வந்தன, நவம்பரில் 50,000 வந்தன. ஒரு நாளில் வந்து சேர்ந்த மொத்தப் பாடல்களில் அது 34 சதவீதம். அவற்றை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை, கேட்டதாகக் காட்டும் எண்ணிக்கையில் 70 சதவீதம் வரை மோசடி என்றும் அவர்களே அப்போது சொன்னார்கள். ஸ்ட்ரீமிங்கில் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே பொதுத் தொகையிலிருந்துதான் பங்கு. பாட் (கேட்பவர் போல நடிக்கும் மென்பொருள்) வைத்து ஓட்டும் ஒவ்வொரு பொய்க் கேட்பும் உண்மையாகப் பாடியவர் பங்கிலிருந்து போகிறது. ஏஐ பாடல்களை லட்சக்கணக்கில் ஏற்றி, பாட் வைத்து ஓட்டி, 1 கோடி டாலருக்கு மேல் ராயல்டி சுருட்டினார் என்று ஒருவர் மீது 2024ல் அமெரிக்க அரசு வழக்கே போட்டது.

நான் ஏஐக்கே எதிரி இல்லை. பழைய மோனோ பதிவிலிருந்து குரலைத் தனியாகப் பிரித்து எடுப்பதை நானே தினமும் செய்கிறேன், அது அற்புதமான கருவி. கேட்பதெல்லாம் நடக்கக்கூடிய சில விஷயங்கள்தான். கால்ஷீட் வவுச்சரில் ஒரு வரி சேர வேண்டும்: இந்தப் பதிவை ஏஐ பயிற்சிக்கோ குரல் மாற்றத்துக்கோ தனி அனுமதியும் தனித் தொகையும் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. இதைத் தனியாக ஒரு டிராக் பாடகி கேட்டால் அடுத்த வாரம் அவருக்கு அழைப்பு வராது. சங்கம்தான் கேட்கவேண்டும். அமெரிக்காவின் இசைக் கலைஞர் சங்கம் 2024ல் ஹாலிவுட் ஸ்டுடியோக்களோடு போட்ட ஒப்பந்தத்தில் ஏஐ பற்றிய பாதுகாப்பை எழுதி வாங்கியிருக்கிறது. இங்கேயும் முடியும்.

இசையமைப்பாளர்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவே வேண்டாம். அடுத்த பாட்டை லேபிளுக்கு அனுப்பும்போது, அன்று வாசித்தவர், கோரஸ் பாடியவர், டிராக் பாடியவர், வேறொருவர் குரலுக்குக் கீழே பாடியவர் என எல்லாப் பெயரையும் சேர்த்தே அனுப்புங்கள். டைட்டிலிலும் யூடியூப் விவரத்திலும் அந்தப் பெயர்கள் வந்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பெரிய இசையமைப்பாளர்கள் நாலு பேர் இதைக் கேட்டால் எந்த லேபிளும் மறுக்காது.