அது பிச்சைக்காசு இல்லை

வியன்னாவில் விமானம் ரத்தானதற்கு நஷ்ட ஈடு கேட்டு வாங்கியதைப் பற்றிப் போன வாரம் நான் போட்ட பதிவையும், அதைப் பகிர்ந்து என் பழைய மாணவன் ஒருவன் எழுதியதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே போய்ச் சிரித்தவர்களில் சிலர் இங்கேயும் இருக்கிறீர்கள். ஒரு வாரம் பொறுத்தேன். பதில் எழுதாதே என்றுதான் வீட்டில் சொன்னார். தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

பையன் பெயரைச் சொல்ல மாட்டேன். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் புவியியல் படித்தவன். இப்போது ஜெர்மனியில் நல்ல வேலையில் இருக்கிறான். அவன் எழுதியது இதுதான்: "சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் கவுண்டரில் சண்டை போட்டு 500 யூரோ வாங்கியதைப் பெருமையாக எழுதுகிறார்கள். இங்கே வாழும் எங்களுக்குத்தான் அவமானம்."

சண்டை போடவில்லை, தம்பி. கேட்டேன். இரண்டும் ஒன்றில்லை.

நடந்ததை மறுபடி சொல்கிறேன். போன மே மாதம், வியன்னாவிலிருந்து ரோமுக்கு மதிய விமானம். கேட் வரைக்கும் போன பிறகு ரத்து என்றார்கள். காரணம் கேட்டதற்கு விமானப் பணியாளர்கள் போதவில்லையாம். மழையும் இல்லை, புயலும் இல்லை. அடுத்த விமானம் மறுநாள் மாலை. "அதுவரை எங்கே இருப்பது?" என்றேன். அது உங்கள் ஏற்பாடு என்றாள் விமான நிறுவனக் கவுண்டரில் இருந்த பெண். என் கணவருக்கு முழங்கால் தேய்மானம் என்பதால் 2 நாள் முன்பே சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்திருந்தோம். ஐரோப்பாவில் அந்த உதவிக்குக் காசு கிடையாது, 2006இல் போட்ட சட்டம் அது. நல்லபடியாக கேட் வரை கொண்டுவந்து விட்டார்கள். விமானம் ரத்தானதும் அந்த நாற்காலி வேறொருவருக்குப் போய்விட்டது. கவுண்டர் முன்னால் உட்கார ஓர் இருக்கை இல்லை. அவர் தரையில் உட்கார்ந்தார், காலை நீட்டிக்கொண்டு. நாலு மணி நேரம்.

அந்தக் கவுண்டரிலேயே ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. உங்கள் விமானம் ரத்தானாலோ, 2 மணி நேரமாவது தாமதமானாலோ, உங்கள் உரிமைகள் எழுதிய தாளை எங்களிடம் கேளுங்கள் என்று. ஒட்டி வைத்தவர்கள் அவர்கள். படித்தவள் நான். அந்தத் தாளைத்தான் கேட்டேன். இதில் எந்த இடத்தில் மானம் போனது?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டுச் சட்டம், 261ஆம் எண். அங்குள்ள விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும் பொருந்தும். பயணி எந்த நாட்டுக்காரர் என்ற பேச்சே அதில் இல்லை. கிளம்பும் நாளுக்கு முந்தைய 14 நாளுக்குள் சொல்லி ரத்து செய்தால், 1500 கிலோமீட்டர் வரைக்கும் தலைக்கு 250 யூரோ, அதற்கு மேல் 400, 600 என்று போகும். சீக்கிரமே மாற்று விமானம் கொடுத்தாலோ, மோசமான வானிலை போன்ற அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றாலோ நஷ்ட ஈடு கிடையாது. ஆனால் காத்திருக்க வைத்தால் சாப்பாடும், ராத்திரி தங்க நேர்ந்தால் அறையும் அப்போதும் தந்தாக வேண்டும். தாளைக் கேட்ட பிறகுதான் அறை கொடுத்தார்கள். ஊருக்கு வந்து நஷ்ட ஈட்டுக்கு எழுதினேன். முடியாது என்று முதல் பதில். ஆஸ்திரியாவில் பயணிகள் உரிமைக்கென்றே ஓர் அரசு முகமை இருக்கிறது, அங்கே புகார் அனுப்புவேன் என்று மறுபடி எழுதினேன். மூன்றாம் மாதம் பணம் வந்தது. இரண்டு பேருக்கு 500.

இதை "ஓசிப்பணம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, நாங்கள் யார் வீட்டுக்கும் விருந்துக்குப் போகவில்லை. விசாவுக்குத் தலைக்கு 90 யூரோ கட்டினோம், விசா விண்ணப்ப மையத்துக்குக் கட்டணம் தனி. மறுத்திருந்தால் அதில் ஒரு ரூபாய் திரும்பாது. 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தோம். வங்கிக் கணக்கைக் காட்டினோம், ஒவ்வொரு ராத்திரியும் எங்கே படுப்போம் என்று சீட்டு காட்டினோம். 31 வருடம் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து வாங்கிய பணிக்கொடையில் எடுத்த காசு அது. எங்களிடம் இத்தனை கேட்டார்கள், கொடுத்தோம். நாங்கள் ஒன்று கேட்டால் மட்டும் தப்பா?

"14 நாள் பார்த்துவிட்டு ஐரோப்பாவைப் பற்றி எழுத வந்துவிட்டார்" என்பவர்களுக்குப் பதில் கிடையாது. பார்த்ததைத்தான் எழுதினேன்.

"எல்லாவற்றிலும் குறை" என்கிறார்கள். என் பழைய பதிவுகளைப் படித்தீர்களா? வியன்னாவில் குழாயைத் திறந்தால் ஆல்ப்ஸ் மலையடிவார ஊற்றுத்தண்ணீர், 1873இல் போட்ட வாய்க்கால் வழியாக இன்றும் வருகிறது என்று எழுதியது நான்தான். ரோமில் தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய்கள், நசோனி என்பார்கள். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளையிலிருந்து தண்ணீர் வளைந்து வரும், குனியாமல் குடிக்கலாம். ராப்பகலாக ஓடுகிறது, காசில்லை. முழங்கால் வலிக்காரர் அதில் எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா? 1248இல் தொடங்கி 1880இல் கட்டி முடித்த கொலோன் தேவாலயம், ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்ததும் எதிரே நிற்கும். அண்ணாந்து பார்த்து அழுதேன் என்று எழுதினேனே, அதை யாரும் பகிரவில்லை.

டான்யூப். 31 வருடம் அதைக் கரும்பலகையில் நீலச் சாக்பீஸால் வரைந்திருக்கிறேன். ஜெர்மனியின் கருங்காட்டில் பிறந்து 10 நாடுகளைத் தொட்டுக் கருங்கடலில் சேர்வது, 2850 கிலோமீட்டர். வியன்னா நகருக்குள் பார்ப்பது அதன் கால்வாய்தான். உண்மையான ஆற்றைப் பார்க்க யூ1 மெட்ரோவில் டோனாவுஇன்செல் நிறுத்தத்தில் இறங்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்க 1972லிருந்து 88 வரை வெட்டிக் கட்டிய 21 கிலோமீட்டர் தீவு அது. தண்ணீர் நீலமில்லை, சாம்பல் பச்சை. கையை விட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. "உன் ஆறு" என்றார் அவர். அந்த ஊரை நான் வெறுத்தேன் என்று யாராவது சொன்னால் எப்படித் தாங்குவது?

விடுதிகளைப் பற்றியும் அப்படித்தான். பாரிஸில் அறை சிறியது, லிஃப்டில் ஒரு ஆளும் ஒரு பெட்டியும்தான். அதற்கு நான் புலம்பவில்லை, பழைய கட்டடம். முன்பதிவில் காட்டாத நகர வரியைத் தனியாகக் கேட்டார்கள், அது அந்த ஊர் விதி, கட்டினோம். கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று எழுதியது உண்மை. ஒரு குவளை வாங்க இரண்டு தெரு அலைந்தேன். ரோமில் அந்தக் கஷ்டமே இல்லை. இத்தாலியில் வீடு கட்டினால் குளியலறையில் பிடே என்ற கழுவும் தொட்டி வைத்தாக வேண்டும் என்று 1975லேயே விதி போட்டிருக்கிறார்கள், எங்கள் விடுதியிலும் இருந்தது. அதையும் எழுதினேன். நல்லதைச் சொன்னால் ரசனை, இல்லாததைச் சொன்னால் நன்றிகெட்டதனமா?

"நம்ம ஊரில் இப்படிக் கேட்பீர்களா?" கேட்பேன். கேட்டிருக்கிறேன். இங்கேயும் விதி இருக்கிறது, முன்கூட்டிச் சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால் பறக்கும் நேரத்தைப் பொறுத்து 10,000 ரூபாய் வரை உண்டு. நம்மில் பலர் கேட்பதில்லை, அவ்வளவுதான். கேட்கக் கூச்சம். அந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது. அதைப் போக்கியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாரிஸில் லா ஷப்பேல். யாழ்ப்பாணத் தமிழர் கடைகள் நிறைந்த பகுதி. பக்கத்துத் தெருவில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு ஒரு கடையில் தேநீர் குடித்தோம். கடைக்காரருக்கு என் வயதிருக்கும். "எங்க இருந்து வாறீங்கள், அக்கா?" என்று விசாரித்தார். வந்து 37 வருடமாம். அகதி விண்ணப்பம் இரண்டு தரம் தள்ளுபடி, மூன்றாவதில்தான் கிடைத்ததாம். "இஞ்ச எல்லாத்துக்கும் கடிதம் எழுத வேணும், அக்கா. கேக்காட்டி ஒண்டும் கிடையாது. கேட்டா ஒருத்தரும் உங்களைக் குறைவா நினைக்க மாட்டினம்" என்றார். தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து வியன்னா கவுண்டரில் கால் நடுங்க நின்றபோது எனக்கு அந்தக் குரல்தான் காதில் கேட்டது.

அவரும் அங்கே வாழ்பவர்தான், தம்பி. உன்னைவிட அதிக வருடம். அவருக்கு நாங்கள் அவமானமாகத் தெரியவில்லை.

எனக்கு வலிப்பது நீ எழுதிய அந்த வரியும்கூட இல்லை. நான் போட்டிருந்த படத்தையும் சேர்த்துப் பகிர்ந்திருக்கிறாய். அவர் தரையில் கால் நீட்டி, பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்திருக்கும் படம். ஒரு விமான நிறுவனம் அறுபது வயதைத் தாண்டிய மனிதரை எப்படி வைத்திருந்தது என்று காட்டத்தான் அதைப் போட்டேன். உன் பக்கத்தில் அதற்கு வந்ததெல்லாம் சிரிப்பு. "ரயில்வே பிளாட்பாரம்னு நெனச்சிட்டார் போல" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு நீயும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறாய்.

அதை என் கணவர் படித்துவிட்டார். எனக்கு முன்னாலேயே படித்துவிட்டு, என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார். மூன்று நாள் கழித்துதான், "அன்னைக்கு நான் நின்னுக்கிட்டே இருந்திருக்கலாம், இல்ல?" என்று கேட்டார். அடுத்த வருடம் புடாபெஸ்ட் போகலாம் என்று டைரியில் கணக்குப் போட்டு வைத்திருந்த மனிதர். இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

பரிட்சை நாளில் உனக்குக் காய்ச்சல் என்று அவருடைய சைக்கிளில்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்காதே. உனக்கு அவரைத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உன் கருத்து இருக்கட்டும். எனக்கு உன்னோடு உடன்பாடில்லை, உனக்கு என்னோடு இல்லை, பரவாயில்லை. நஷ்ட ஈட்டுக்கு எப்படி எழுதுவது என்று உள்பெட்டியில் கேட்டிருக்கும் நாலு பேருக்கும் என் கடிதத்தின் நகலை அனுப்பத்தான் போகிறேன்.

அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடு, தம்பி.