மூணுதான் சார்

நெஞ்சுவலி என்று போய்ப் படுத்தால் கேட்கிற முதல் நாலைந்து கேள்விகளில் அதுவும் ஒன்று. "சிகரெட் பழக்கம் உண்டா?" படுத்த வாக்கிலேயே சொன்னேன். "உண்டு சார். ஒரு நாளைக்கு மூணுதான்."

ஈ.சி.ஜி. தாளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் தலையை நிமிர்த்தாமலே பக்கத்தில் நின்ற நர்ஸிடம் "ஸ்மோக்கர்" என்றார். என் மூணையும் கணக்கில் எடுக்கவில்லை, அதன் பின்னால் இருந்த 'தான்' என்பதையும் எடுக்கவில்லை. அந்த வலியிலும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பதினைந்திலிருந்து மூன்றுக்கு இறக்கியவனய்யா நான்!

அது நடந்து பதினான்கு மாதமாகிறது. திருச்சியில் சின்னதாக ஒரு ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். காலண்டர் சீசன், ராத்திரி வேலை. விடியற்காலை நாலு மணிக்கு நெஞ்சின் நடுவில் பேப்பர் ரீமைத் தூக்கி வைத்தது போல ஒரு பாரம். இடது தாடை வரைக்கும் இழுத்தது. வாயு என்றேன். சீரகத் தண்ணீர், பூண்டு, கடைசியில் ஒரு சோடா, எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மணி ஏழரை. மூன்றரை மணி நேரம் வாயுவின் தலையில் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். அவ்வளவு நேரமும் ரத்தம் கிடைக்காமல் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது. மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற சின்ன வலைக்குழாய், ஒரு ஸ்டென்ட், வைத்தார்கள். வயது நாற்பத்தாறு. சர்க்கரை கிடையாது. பிரஷர் லேசாக. (தாடை, தோள், கை என்று இழுக்கிற வலியை தயவுசெய்து சோடா ஊற்றிப் பார்க்காதீர்கள்.)

ஸ்டென்ட் கதையை இன்னொரு நாள் சொல்கிறேன். இப்போது அந்த 'மூணுதான்' பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

இருபத்தொரு வயதில் ஆரம்பித்தது. பல வருடம் நாளைக்குப் பதினைந்து. மாரடைப்புக்கு ஆறு வருடம் முன்பு ஒரு வைராக்கியத்தில் மூன்றாகக் குறைத்தேன். காலை டீயோடு ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, ராத்திரி மிஷினை நிறுத்தியதும் ஒன்று. வீட்டில் சந்தோஷம். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் என்னை உதாரணம் காட்டினார்கள். நான் மனசுக்குள் போட்டிருந்த கணக்கு ரொம்பச் சுலபம். பதினைந்தில் ஐந்தில் ஒரு பங்கு மூன்று, ஆகவே ஆபத்தும் ஐந்தில் ஒரு பங்கு.

அச்சகக்காரன் போடக்கூடாத கணக்கு இது. எங்கள் தொழிலில் ஆயிரம் நோட்டீஸ் கேட்டு வந்தவர் "சரி, நூறு மட்டும் அடிங்க" என்றால் பில் பத்தில் ஒன்றாகிவிடாது. பிளேட், அதாவது அச்சடிக்கிற தகடு, அதன் செலவு முதல் நோட்டீஸிலேயே விழுந்துவிடும். அதற்கு மேல் கூடுவதெல்லாம் பேப்பர் காசு. தினமும் வாடிக்கையாளர்களிடம் இதை விளக்கி விளக்கி வாய் வலித்தவன் நான். இதயமும் அதே மாதிரிதான் பில் போடுகிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகு தேடிப் படித்தேன். 2018-இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்திருக்கிறது. மக்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த 141 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். சிகரெட்டே தொடாத ஆணோடு ஒப்பிட்டால், நாளைக்கு 20 பிடிக்கிறவருக்கு இதயநோய் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. சரி, அது எதிர்பார்த்ததுதான். நாளைக்கு ஒன்றே ஒன்று பிடிக்கிற ஆணுக்கு? 48 சதவீதம் கூடுதல். இருபதுக்கு ஏறுகிற ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி அந்த முதல் ஒன்றிலேயே ஏறிவிடுகிறது. பெண்களுக்கு ஒன்றுக்கே 57 சதவீதம். இருபதில் ஒரு பங்கு, அதாவது ஐந்து சதவீதம்தான் ஏறியிருக்கும் என்று யாரும் நினைப்போம். பிளேட் செலவு.

ஏன் இப்படி என்பதும் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. புகை உள்ளே போனதும், ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் பிசுபிசுப்பாகி ஒன்றோடொன்று ஒட்டத் தயாராகின்றன, ரத்தக்குழாயின் உள்சுவர் விரிந்து கொடுக்கிற தன்மையை இழக்கிறது. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிகோடின் தன் பங்குக்கு நாடித் துடிப்பை ஏற்றுகிறது. இதற்கெல்லாம் ஒரு பாக்கெட் புகை தேவையில்லை, கொஞ்சமே போதும். பிடிக்காமலே பக்கத்தில் இருந்து சுவாசிக்கிறவர்களுக்கு ஏன் மாரடைப்பு ஆபத்து 25 முதல் 30 சதவீதம் வரை ஏறுகிறது என்பதும் இப்படித்தான் விளங்குகிறது. இதைப் படித்த ராத்திரி என் மனைவியின் முகத்தை நேராகப் பார்க்கக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அந்த மூன்றாவது சிகரெட்டில் பாதியை வீட்டுத் திண்ணையில்தான் முடிப்பேன்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். நுரையீரல் புற்றுநோயில் எண்ணிக்கை குறைந்தால் ஆபத்தும் ஓரளவு குறைகிறது. ஆனால் அங்கேயும் எத்தனை வருடம் பிடித்தோம் என்பதற்குத்தான் கனம் அதிகம். மூன்று மூன்றாக இருபது வருடம் ஓட்டினால் அந்த இருபது வருடமும் கணக்கில் நிற்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பதினைந்து பிடித்த காலத்தில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துவிட்டு அது மேஜை ஓரத்தில் தானாக எரிந்து சாம்பலாகும். மூன்றான பிறகு ஒரு இழுப்பைக்கூட வீணாக்கியதில்லை. ஆழமாக இழுத்து, உள்ளே நிறுத்தி, பஞ்சு சுடுகிற வரைக்கும் விடமாட்டேன். எண்ணிக்கை குறைந்தால் இழுப்பு கூடும் என்பது ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பழைய செய்தி. எனக்குத்தான் புதுசு. தவிர, நிகோடின் பத்து விநாடியில் மூளைக்குப் போகிறது, இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடுகிறது. ஆக, மூன்று பிடிக்கிறவனுக்கு நாளில் பெரும்பகுதி அடுத்ததற்காகக் காத்திருப்பதிலேயே போகும். பதினைந்து பிடித்தபோது சிகரெட்டைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. மூன்று பிடித்த ஆறு வருடமும் அதைத் தவிர வேறு எதையாவது நினைத்தேனா என்பது சந்தேகம்.

இந்த மூன்றையும் நான் வாங்கிய விதம் இருக்கிறதே, அதுதான் நம் ஊர்க் கதை. பாக்கெட்டாக வாங்கினால் பத்தும் போய்விடும் என்ற பயத்தில் ஆறு வருடமும் உதிரியாகவே வாங்கினேன். அச்சகத்துக்கு எதிரே டீக்கடை. நான் ரோட்டைத் தாண்டும்போதே மாஸ்டர் ஆற்ற ஆரம்பித்துவிடுவார். ஒரு கையில் கண்ணாடி டம்ளர், மறு கையில் கிங்ஸ். கேட்கவே வேண்டாம். பற்றவைக்க, தூணில் நூல் கட்டித் தொங்கவிட்ட லைட்டர். எங்கள் அப்பா காலத்தில் அந்த இடத்தில் முனை கனன்றபடி ஒரு தேங்காய் நார்க் கயிறு தொங்கும்.

2016 ஏப்ரலிலிருந்து சிகரெட் பாக்கெட்டின் இருபக்கமும் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று விதி. 2018 செப்டம்பரிலிருந்து, விட நினைப்பவர்கள் கூப்பிட வேண்டிய இலவச எண்ணும் அதில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. எனக்கு அது ஒரு தடவைகூடக் கண்ணில் பட்டதில்லை, ஏனென்றால் பாக்கெட் மாஸ்டரின் டப்பாவுக்குள்ளேயே இருந்தது. சிகரெட்டே பிடிக்காத அந்த மனுஷர் நாளெல்லாம் அந்தப் புண்ணான தொண்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிடிக்கிற எங்கள் கைக்கு வெள்ளையாக, சுத்தமாக ஒரு குச்சி மட்டும் வரும்.

மகாராஷ்டிராவில் 2020-இல் உதிரி விற்பனையைத் தடை செய்தார்கள். இங்கேயும் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. "பாக்கெட்டாக வாங்கினால் இன்னும் அதிகமாகப் பிடிப்பான்" என்று நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். என்னைப் போல சிலர் அப்படியும் ஆகலாம். ஆனால் பதினெட்டைத் தாண்டாத பையனிடம் ஒரு பாக்கெட்டுக்குக் காசு இருக்காது, ஒன்றுக்கு இருக்கும். நானும் ஒன்றில்தான் ஆரம்பித்தேன். யாருமே பாக்கெட்டில் ஆரம்பிப்பதில்லை. சின்ன டீக்கடைக்காரர் வயிற்றில் அடிக்கிறோமே என்ற உறுத்தலும் எனக்கு இருக்கிறது, அதற்குப் பதில் இன்னும் கிடைக்கவில்லை.

"சிகரெட்டை விட்டுட்டு பீடிக்கு மாறிட்டேன், இலைதானே" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பீடியில் பஞ்சும் இல்லை, அந்த இலை காற்றும் விடாது. அணையாமல் இருக்க விடாமல் இழுக்க வேண்டும். நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டை விடக் குறைவாக உள்ளே போவதில்லை.

சரி, எப்படி விட்டேன்? முதல் நாலு நாள் ஆஸ்பத்திரிக் கட்டில் விட வைத்தது. உடம்பு படுத்துகிற பாடு இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும் என்கிறார்கள். அந்த உச்சம் எனக்கு மானிட்டர் சத்தத்தோடு கழிந்துவிட்டது. மாரடைப்புக்குப் பின் புகையை விட்டவர்களுக்கு, விடாதவர்களை விட மரண ஆபத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்று டாக்டர் சொன்னார். எழுதிக் கொடுத்த எந்த மாத்திரையையும் விட இது கேட்கத் தெம்பாக இருந்தது.

கஷ்டம் அச்சகத்துக்குத் திரும்பியபோது ஆரம்பித்தது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு 2 மில்லிகிராம் நிகோடின் கம் வாங்கினேன். மருந்துக்கடையில் எப்படிச் சாப்பிடுவது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பபிள்கம் மாதிரி நறநறவென்று மென்று எச்சிலை விழுங்கியதில் விக்கல் பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம். பைண்டிங்கில் இருந்த பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகுதான் தெரிந்தது: மெதுவாக மென்று, மிளகு கடித்த மாதிரி நாக்கில் சுருக்கென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். சுருக்கு போனதும் திரும்ப நாலு மெல்லல். டீ, காபி குடித்த வாயோடு போட்டால் சரியாக ஏறாது.

டீயிலும் ஒரு விஷயம் இருக்கிறது. விட்ட இரண்டாவது வாரம் கை நடுக்கம், படபடப்பு, தூக்கம் கிடையாது. சிகரெட் இல்லாத குறை என்றே நினைத்தேன். சிகரெட் புகை, டீயில் இருக்கிற காஃபீனைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கிறதாம். புகையை நிறுத்தினால் அதே டீ உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். புகை வெறி வரும்போதெல்லாம் அதற்குப் பதிலாக ஒரு டீ என்று நாளைக்கு எட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவன் நான். நாலாகக் குறைத்தேன், இரண்டே நாளில் தூக்கம் வந்தது.

'கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறேன்' என்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஒரு குழுவை ஒரே நாளில் விடச் சொன்னார்கள், இன்னொரு குழுவை இரண்டு வாரம் குறைத்துவிட்டு விடச் சொன்னார்கள். நாலு வாரம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 49 சதவீதம் பேர் தாக்குப்பிடித்தார்கள், இரண்டாவதில் 39. குறைப்பது ஒன்றுக்கும் உதவாது என்று நான் சொல்லவில்லை. நான் ஆறு வருடம் அங்கேயே குடித்தனம் போட்டுவிட்டேன், அதைச் சொல்கிறேன்.

வயதாகிவிட்டது, இனி விட்டு என்ன என்று கேட்ட சித்தப்பாவுக்கு: பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951-லிருந்து ஐம்பது வருடம் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டால் என்ற ஆராய்ச்சியாளரின் ஆய்வில், தொடர்ந்து பிடித்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தார்கள். அறுபதில் விட்டவர்கள் அதில் மூன்று வருடத்தை மீட்டார்கள், ஐம்பதில் ஆறு, நாற்பதில் ஒன்பது, முப்பதில் ஏறக்குறைய பத்தும். அறுபத்திரண்டு வயதுக்கு மூன்று வருடம் ஒன்றும் சில்லறை இல்லை சித்தப்பா. பேத்தி பத்தாவது எழுதிவிடுவாள்.

பாக்கெட்டில் இருக்கிறது என்று சொன்னேனே, விட நினைப்பவர்களுக்கான அந்த எண் 1800-11-2356. காசு கிடையாது, தமிழிலேயே பேசுகிறார்கள்.

எங்கள் மிஷின்மேன் தம்பிக்கு முப்பத்திரண்டு வயது. நான் மயங்கி உட்கார்ந்த ராத்திரி என்னை ஆட்டோவில் ஏற்றியவன் அவன்தான். இந்தப் புள்ளிவிவரம் எல்லாவற்றையும் முதலில் அவனிடம்தான் சொன்னேன். பிளேட் கணக்கையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு ரெண்டுதாண்ணே" என்றான். மிச்சமிருந்த கம் அட்டையைப் பிளேட் அலமாரியில் அவன் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்கிறேன். நேற்று எண்ணிப் பார்த்தேன், ஒன்று குறைகிறது. அவன் எடுத்தானா, பைண்டிங்கில் யாராவது பபிள்கம் என்று எடுத்தார்களா, தெரியவில்லை. விக்கல் சத்தம் எதுவும் கேட்கவில்லை.