ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல இருந்து திருப்பி அனுப்பப்படுறவங்களுக்கு யாராவது பதில் சொல்லுங்க

காலைல அஞ்சரைக்கே எழுப்பி குளிக்க வச்சு, தோடு தாலி எல்லாம் கழட்டி வீட்டுக்காரங்க கையில குடுக்க வச்சு, பச்சை கவுனை மாட்டி, கையில ஊசியும் குத்தி உக்கார வச்சிடுறாங்க. முந்தின நாள் ராத்திரி பத்து மணில இருந்து பச்சத்தண்ணி கிடையாது. மதியம் ரெண்டரை மணிக்கு ஒரு சிஸ்டர் வந்து "இன்னைக்கு உங்களுக்கு இல்லம்மா, போய் சாப்பிடுங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிடுறாங்க. ஏன் இல்ல, அப்புறம் எப்போ, யார் முடிவு பண்ணது, ஒண்ணும் தெரியாது.

எங்க சின்னம்மாவுக்கு நடந்தது இது. கர்ப்பப்பை எடுக்குற ஆபரேஷன். ஆஸ்பத்திரி பேரை எழுதல, அரசு தனியார்னு எல்லா இடத்துலயும் இது நடக்குது. தர்மபுரி மாவட்டம் ஏரியூர் பக்கத்துல இருந்து வந்தவங்க. கறவை மாட்டை பக்கத்து வீட்டுல ஒப்படைச்சிட்டு வந்தாங்க, பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை பாக்குற தம்பி கூலிய விட்டுட்டு வந்தான், ரத்தம் குடுக்க அவன் கூட்டாளியையும் கூட்டிட்டு வந்தான், அவனுக்கும் அன்னைக்கு கூலி போச்சு. திரும்ப இன்னொரு தேதி குடுத்தா இது அத்தனையும் முதல்ல இருந்து ஏற்பாடு பண்ணணும். மாசக்கணக்கா ரத்தப்போக்குல வெளிறிப் போன பொம்பள, மனசை தேத்திக்கிட்டு வந்து உக்காந்தவங்க, "எனக்கு ஏதோ பெரிய வியாதி போல, அதான் மறைக்கிறாங்க"ன்னு அழ ஆரம்பிச்சிட்டாங்க. முன்னாடி போன கேஸ் இழுத்துட்டதால நேரம் பத்தலன்னு மறுநாள்தான் தெரிஞ்சுது. இந்த ஒரு வரிய அப்பவே சொல்லியிருந்தா அந்த ராத்திரி தூங்கியிருப்பாங்க.

தள்ளி வைக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. தொப்பூர் கணவாய்ல லாரி மோதுச்சுன்னா அடிபட்டவங்க தர்மபுரிக்கோ சேலத்துக்கோதான் வரணும், அவங்கள காக்க வச்சிட்டு குடல் இறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணுங்கன்னு யாரும் கேக்க முடியாது. வயித்துல குழந்தைக்கு மூச்சுத் திணறுதுன்னா மயக்க டாக்டர் அங்கதான் ஓடுவார். காய்ச்சல், நெஞ்சுல சளி, எகிறிப் போன பிரஷர் இதோட மயக்க மருந்து குடுக்க மாட்டேன்னு டாக்டர் நிறுத்துனா அது நம்ம உசுருக்காக நிறுத்துறது. அங்க போய் சண்டை போடுறது தப்பு.

ஆனா இன்னொரு வகை இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு ஆத்திரம். சுகர் கட்டுப்பாட்டுல இல்லன்னு ஆபரேஷன் அன்னைக்கு காலைல கண்டுபிடிக்கிறது, இதயத்துக்கு ஸ்டென்ட் வச்சவர் குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கார்னு டேபிள்கிட்ட வந்தப்புறம் கேக்குறது. அந்த மாத்திரைய நிறுத்தலாம்னு இதய டாக்டர் சொன்னா பொதுவா அஞ்சு நாளாவது முன்னாடி நிறுத்தணும், ஏன்னா அதுவரைக்கும் ரத்தம் சீக்கிரம் உறையாது. இதெல்லாம் ஒரு வாரம் முன்னாடியே மயக்க டாக்டர் ஓபில பாத்து, உடம்பு ஆபரேஷனைத் தாங்கும்னு ஃபிட்னஸ் குடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அதே மாதிரி முதலமைச்சர் காப்பீட்டுல அப்ரூவல் வரல, எலும்புல வைக்கிற பிளேட் வரல, ஐசியூல பெட் இல்லன்னு கடைசி நேரத்துல சொல்றது. வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கவர் ஆகுற திட்டம், அதுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கணும்னு ஆஸ்பத்திரிக்குத் தெரியாதா? அப்ரூவல் வந்தப்புறம் அட்மிஷன் போட்டா என்ன?

பட்டினி விஷயத்த தனியா சொல்லணும். சிக்கல் இல்லாத ஆளுக்கு லேசான சாப்பாடுன்னா 6 மணி நேரம், வெறும் தண்ணின்னா 2 மணி நேரம் இடைவெளி போதும்னுதான் மயக்கவியல் வழிகாட்டுதல்கள் சொல்லுது, அமெரிக்க மயக்கவியல் சங்கம் 1999லயே இத எழுதிடுச்சு. இங்க லிஸ்ட்ல கடைசி ஆளா இருக்குறவரும் ராத்திரி பத்து மணில இருந்து நாக்கு வறண்டு கிடக்குறார். அதுல சுகர் பேஷண்ட்னா லோ சுகர் ஆயிடும்னு பயம் வேற. மயக்க டாக்டர்கிட்ட கேட்டு "உங்களுது மதியம்தான், எட்டு மணி வரைக்கும் தண்ணி குடிக்கலாம்"னு சொல்ல என்ன கஷ்டம்? (நீங்களா குடிச்சிடாதீங்க, வயித்துல அடைப்பு மாதிரி சில பேருக்கு இந்த கணக்கு ஒத்து வராது.)

இங்கிலாந்துல அரசு மருத்துவ சேவைல, மருத்துவக் காரணம் இல்லாம ஆபரேஷன் அன்னைக்கு கேன்சல் பண்ணா 28 நாளுக்குள்ள உறுதியான வேற தேதி குடுக்கணும்னு விதி இருக்கு. அங்கயும் கேன்சல் ஆகுது, ஆனா அப்புறம் எப்போன்னு ஒரு கணக்கு இருக்கு. 2008ல தர்மபுரிக்கும் 2022ல கிருஷ்ணகிரிக்கும் மெடிக்கல் காலேஜ் வந்துச்சு, நல்ல டாக்டர்கள் ராப்பகலா நிக்கிறாங்க, அவங்க மேல எனக்கு மரியாதை உண்டு. நான் கேக்குறது அவங்க கைய மீறுன விஷயம் இல்ல. லிஸ்ட் இழுக்குதுன்னு பன்னெண்டு மணிக்கே தெரிஞ்சிடும், அப்பவே வந்து சொல்லுங்க. டாக்டர் ஒருத்தர் வந்து சொல்லுங்க. திருப்பி அனுப்புனவங்கள அடுத்த லிஸ்ட்ல முதல் ஆளா போடுங்க, திரும்பவும் கடைசில தள்ளாதீங்க.

இத படிக்கிறவங்க வீட்டுல யாருக்காவது இப்படி ஆச்சுன்னா சத்தம் போடாம ஆனா விடாம கேளுங்க: என்ன காரணம்னு கேஸ் ஷீட்ல எழுதியிருக்கா, புது தேதி என்ன, காப்பீட்டு அப்ரூவல் அந்த தேதி வரைக்கும் செல்லுமா, ரத்த டெஸ்ட் எல்லாம் திரும்ப எடுக்கணுமா, நிறுத்தி வச்ச மாத்திரைய இன்னைக்கு ராத்திரில இருந்து போடலாமா. கடைசி கேள்விய மறந்துடாதீங்க, பிரஷர் மாத்திரைய போடாமலே வீட்டுல இருந்தீங்கன்னா அடுத்த தடவை பிரஷர் ஜாஸ்தின்னு திரும்ப அனுப்பிடுவாங்க. அரசு ஆஸ்பத்திரில யாருமே பதில் சொல்லலன்னா அரசு சுகாதார உதவி எண் 104க்கு போன் போடுங்க.