தேவசகாயம் என்றாலே போதும்

புனிதர் பட்டம் கிடைத்த பிறகும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத் திருவிழா நோட்டீஸ்களிலும் ஃப்ளெக்ஸ்களிலும் ‘தேவசகாயம் பிள்ளை’ என்று பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. பழைய மேட்டரை அப்படியே பிரஸ்ஸுக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் பாதிப்பேர் இருப்பார்கள், சரி. தெரிந்தே விடமாட்டேன் என்று நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

2022 மே 15 அன்று வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர்களாக அறிவித்த பத்துப் பேரில் நம் நட்டாலத்துக்காரரும் ஒருவர். அந்தப் பெயரோடு ‘பிள்ளை’ என்ற சாதிப்பெயர் ஒட்டிக்கொண்டு வரவில்லை. தானாக விழுந்ததல்ல அது. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.ஜி. தேவசகாயம் போன்றவர்கள் விடாமல் எழுதிக் கேட்டார்கள், வத்திக்கானும் நீக்கியது. ரோமில் எடுத்ததை நாகர்கோவிலில் நாம் மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

அவர் எதற்காகச் செத்தார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1712-இல் பிறந்த நீலகண்டன், மார்த்தாண்ட வர்மா காலத்து அரண்மனை ஊழியர். குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டச்சுப் படைக்காரர் டிலனாய் சொன்ன, பைபிளில் வரும் யோபுவின் கதையில் மனம் மாறி, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆனார். சாதி பார்க்காமல் எல்லாரும் சமம் என்று அவர் வற்புறுத்தியது மேல்தட்டினரின் வெறுப்பைக் கிளப்பியதாக வத்திக்கானின் வாழ்க்கைக் குறிப்பே சொல்கிறது. 1749-இல் கைது. எருமையில் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். இத்தனையும் பட்டவர் பெயரின் பின்னால், அவர் மதிக்காத ஒன்றையே தொங்கவிடுவது எந்த வகையில் மரியாதை?

நம் ஊர்ச் சனங்கள் இந்த விஷயத்தில் எப்போதோ தெளிவாகிவிட்டார்கள். அவர் நினைவாக இந்த மாவட்டத்தில் நிலைத்த இடப்பெயர்களைப் பாருங்கள். புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை. தாகத்தில் தவித்தவர் முழங்கையால் இடித்ததும் தண்ணீர் வந்தது என்று நம்புகிற மக்கள், அந்தச் சின்னக் குழியில் ஊறும் தண்ணீரை இன்றைக்கும் மொண்டு நெற்றியில் பூசுகிறார்கள். காற்றாடிமலையில் மணியடிச்சான் பாறை. அவர் உயிர் போன நேரத்தில் அது மணி போல ஒலித்தது என்பது நம்பிக்கை. இப்போதும் கையில் ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தட்டினால் கணீரென்று வெண்கலச் சத்தம் வரும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காதை அடைக்கிற நாளிலும் அந்தச் சத்தம் தனியாகக் கேட்கும். அந்த இடத்துக்கே தேவசகாயம் மவுண்ட் என்று பெயர் வந்துவிட்டது. இடித்தார், மணி அடித்தது என்று நடந்ததை வைத்துத்தான் சனங்கள் பெயர் வைத்தார்களே தவிர, அவர் என்ன சாதி என்று எந்தப் பாறையிலும் ஏற்றவில்லை.

பிள்ளைகளுக்கு வைத்த பெயரும் அப்படித்தான். கடற்கரையிலும் மலையோரத்திலும், ஆர்.சி. வீட்டிலும் சி.எஸ்.ஐ. வீட்டிலும், எல்லாச் சாதியிலும் தேவசகாயம் இருக்கிறார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

‘அது அவருடைய வரலாறு, வரலாற்றை அழிக்கலாமா’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வாழ்க்கை வரலாற்றுப் புத்தகத்தில் அவர் பிறந்த குடும்பம் பற்றித் தாராளமாக எழுதட்டும். எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அவர் எதை உதறினார் என்பதே புரியாது. நவநாள் ஜெபத்திலும், தெருவோரச் சிலுவைக் கோவிலான குருசடியின் பலகையிலும் அதற்கு என்ன வேலை?

வரலாறு என்றால் முழுசாகப் பேசுவோம். அவர் ஞானஸ்நானம் வாங்கிய அதே வடக்கன்குளத்தில், பின்னால் கட்டிய கோவிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கமாகத் தடுப்புச் சுவர் நின்றது. 1910-இல் பங்குச் சாமியார் அதை இடித்துத் தள்ள, சுவர் வேண்டும் என்றவர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். ரத்தம் சிந்தினவர் ஒருவர் இருக்க, ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்திலேயே சாதி இத்தனை காலம் உட்கார்ந்திருந்திருக்கிறது! அதனால்தான் ஒரு சொல்தானே என்று என்னால் விட முடியவில்லை. சுவரை இடிக்கக் கடப்பாரை வேண்டியிருந்தது, இதற்குப் பேனா போதும்.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவருடைய கல்லறை முன்னால் முழங்காலில் நிற்கிறவர்களில் எல்லாச் சாதியும் உண்டு, இந்துக்களும் உண்டு. அங்கே மெழுகுவர்த்தி கொளுத்தும் ஒரு அம்மாவுக்கு ‘இவர் நம்ம ஆள் இல்லையோ’ என்ற எண்ணம் ஒரு நொடிகூட வரக்கூடாது.

ஜனவரி 14 திருநாளுக்கு நோட்டீஸ் அடிக்கப்போகும் பங்குப் பேரவைக்காரர்களே, அன்பிய (பங்கின் அக்கம்பக்கத்துக் குழு) ஒருங்கிணைப்பாளர்களே, ப்ரூஃப் கைக்கு வந்ததும் முதலில் பெயரைப் பாருங்கள். ‘பிள்ளை’ இருந்தால் அடித்துவிட்டுக் கொடுங்கள். பழைய கெபிகளில் (குகைக் கோவில்களில்) கல்லில் வெட்டியிருப்பதை அடுத்த முறை பெயின்ட் அடிக்கும்போது பேசிச் சரிசெய்யலாம், அதற்கு நானும் கூட வருகிறேன்.